அட்டையில் கட்டிய கிராமம்! ஊடே ஓடும் ரெயில்!

ஒரு சின்னக் கிராமம். வரிசையாகக் கூரை வீடுகள். ஜன்னலில் திரைச்சீலை தொங்குகிறது. கொல்லைப்புறத்தில் காய்கறிப் பாத்தி. சற்று தூரத்தில் பச்சை நிற என்ஜின் ஒன்று, பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருகிறது.

எல்லாம் இருக்கிறது. ஆனால் நீங்களும் நானும் அங்கே குடியிருக்க முடியாது! அந்த ஊரில் ஒரு ஆளின் உயரம் ஒரு அங்குலம்கூட இல்லை. வீடுகள் அட்டையால் ஆனவை.

இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டு நகருக்குத் தெற்கே, லாங் விட்டன்ஹாம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள "பெண்டன்" பொருட்காட்சி சாலையில் இந்தக் கிராமத்தைப் பார்க்கலாம்.

"விளையாட்டு ரெயிலுக்கு ஒரு பொருட்காட்சி சாலையா?" என்று கேட்பீர்கள். இது விளையாடுவதற்காகச் செய்தது அல்ல. கண் முன்னால் அழிந்துகொண்டிருந்த ஊர்களைப் பார்த்து மனம் பொறுக்காத ஒருவர் தொடங்கிய வேலை.

பெயரே இங்கிலாந்து

அவர் பெயர் ராய் இங்கிலாந்து. பெயர்தான் இங்கிலாந்து, பிறந்த நாடு ஆஸ்திரேலியா! 1925-ம் ஆண்டில், இளைஞராக இருந்தபோது, இங்கிலாந்துக்கு வந்தார்.

அவருக்கு ரெயில் என்றால் உயிர். அதிலும் "கிரேட் வெஸ்டர்ன்" என்ற கம்பெனியின் ரெயில்கள் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தக் கம்பெனியின் என்ஜின் தொழிற்சாலை சுவிண்டன் நகரில் இருந்தது. அதற்குப் பக்கத்துக் கிராமத்தில் தங்கினார்.

சுவிண்டனுக்குக் கிழக்கே ஒரு பள்ளத்தாக்கு. அதற்கு "வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு" என்று பெயர். அங்கே ஒரு குன்றின் சரிவில், சுண்ணாம்புக் கல்லால் பிரமாண்டமான குதிரை உருவம் அமைத்திருக்கிறார்கள். சுமார் 3 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமைத்தது.

ரெயிலைப் பார்க்க வந்தவரின் கண், மெல்ல மெல்ல வீடுகளின் பக்கம் திரும்பியது. கல், செங்கல், மரச்சட்டம் ஆகியவற்றால் கட்டிய பழைய வீடுகள். மேலே கனமான வைக்கோல் கூரை. ஒரு வீடு போல இன்னொரு வீடு இல்லை.

அந்த வீடுகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. வைக்கோலைப் பிடுங்கிவிட்டு, தகரமும் ஆஸ்பெஸ்டாசும் போட்டார்கள். சில வீடுகளை இடித்தே விட்டார்கள்.

வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. கூரை ஒழுகினால், பிள்ளைகுட்டிகளோடு இருப்பவர் என்ன செய்வார்? "அழகாக இருக்கிறது" என்று மழையில் நனைந்துகொண்டா இருப்பார்?

ராய்க்கும் அது தெரியும். அத்தனை வீடுகளையும் விலைக்கு வாங்கிக் காப்பாற்ற ஒரு தனி மனிதரால் ஆகாது. ஆனால் உள்ளது உள்ளபடி சிறிய உருவில் செய்து வைக்கலாம் அல்லவா? அந்த வேலையில் இறங்கினார். பிறகு வாழ்நாள் முழுவதும் அதை விடவில்லை.

ஒரு மைலுக்கு 21 மீட்டர்

நிஜத்தில் ஒரு அடி என்றால், மாதிரியில் 4 மில்லிமீட்டர். அதாவது 76-ல் ஒரு பங்கு. இதுதான் கணக்கு. வீடு, மரம், மனிதர், மாடு, ரெயில் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

6 அடி உயர மனிதர் 24 மில்லிமீட்டர் ஆகிவிடுவார். 60 அடி நீள ரெயில் பெட்டி 24 சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்து அடிக்கோலைவிடக் குட்டை!

இவ்வளவு சுருக்கியும், ஒரு மைல் தூரம் 21 மீட்டர் வருகிறது. பள்ளத்தாக்கு முழுவதையும் செய்வதென்றால் எந்தக் கட்டடமும் போதாது. ஆகவே, பல ஊர்களில் இருந்து வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே கிராமமாக அமைத்தார்கள். அதற்கு "பெண்டன் பார்வா" என்று பெயர் வைத்தார்கள். அந்த ஊர் கற்பனை. அதில் உள்ள வீடுகள் நிஜம். 1930-ம் ஆண்டை ஒட்டிய காலத்தில் எப்படி இருந்தனவோ, அப்படியே செய்திருக்கிறார்கள்.

செங்கல் செங்கல்லாக

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் நிஜ வீட்டுக்குப் போய் அளவெடுக்க வேண்டும். போட்டோ பிடிக்க வேண்டும். கதவுக்கு என்ன நிறம், சுவர் எங்கே விரிந்திருக்கிறது என்றெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் அட்டையில் கத்தி படும்.

செங்கல்லின் நீளம் 3 மில்லிமீட்டர். உயரம் ஒரு மில்லிமீட்டர். அந்த அளவில் அட்டையில் கோடு கீறுகிறார்கள். பிறகு மெல்லிய தூரிகையால், ஒவ்வொரு செங்கல்லுக்கும் தனித்தனியாக வர்ணம் தீட்டுகிறார்கள்.

மொத்தமாகச் சிவப்பு பூசினால் என்ன? பூசலாம். ஆனால் பார்த்தவுடன் "பொம்மை" என்று தெரிந்துவிடும். நம் வீட்டுச் சுவரையே பாருங்கள். சூளையில் அதிகம் வெந்த கல் கறுத்திருக்கும். சரியாக வேகாத கல் வெளிறி இருக்கும். அந்த வித்தியாசம் மாதிரியிலும் வேண்டும்.

கூரைக்கு வைக்கோல் உதவாது, தடிப்பாகத் தெரியும். தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவர்கள் மரையில் சுற்றுவார்களே, அந்தச் சணல் நார்தான் கூரை! சிறு சிறு கற்றையாக ஒட்டி, கத்தரித்து, கூரை வேய்கிறார்கள். இப்படி ஒரு வீட்டுக்குப் பல நூறு மணி நேரம் ஆகிவிடும்.

மரம் செய்வதற்கு மெல்லிய கம்பிகளைச் சேர்த்து முறுக்குவார்கள். முறுக்கிய பாகம் அடிமரம். பிரித்து விட்ட நுனிகள் கிளைகள். அதன்மேல் நாரும், இலைக்காகப் பச்சைத் தூளும் ஒட்டுவார்கள். குன்று வேண்டுமா? கம்பி வலையை வளைத்து, மேலே சாந்து பூசினால் குன்று.

இதில் ஒரு ரகசியம் உண்டு. வர்ணம் எடுப்பாக இருக்கக்கூடாது. தூரத்து வயலும் மலையும் நம் கண்ணுக்கு மங்கலாகத்தானே தெரிகின்றன? ஆகவே பச்சையைக்கூடக் கொஞ்சம் மங்கலாகத்தான் பூச வேண்டும்.

புது வண்டியில் அழுக்கு

ரெயில் பெட்டிகளுக்கு வருவோம். கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் பயணிகள் பெட்டிக்கு மேல்பாதி பாலாடை நிறம். கீழ்ப்பாதி சாக்லேட் நிறம். என்ஜின் பச்சை. சரக்கு வேகன் சாம்பல் நிறம். நிலக்கரி வேகன்களில் பல, சுரங்க முதலாளிகளுக்கும் வியாபாரிகளுக்கும் சொந்தம். அவற்றின் பக்கவாட்டில் முதலாளியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்த எழுத்தையும் மாதிரியில் எழுத வேண்டும். வேகன் உயரமே ஒன்றரை அங்குலம்தான்!

தகட்டின் பின்புறம் ஊசி முனையால் மெல்ல அழுத்தினால், முன்புறம் சின்னப் புள்ளி எழும்பும். அதுதான் ஆணித் தலை. ஒரு என்ஜினில் இப்படி நூற்றுக்கணக்கில் குத்த வேண்டும். வேகனில் ஏற்றும் நிலக்கரி, நிஜ நிலக்கரியைப் பொடியாக்கி ஒட்டியது.

வண்டியைப் பாடுபட்டுச் செய்து, பளபளவென்று வர்ணம் அடித்த பிறகு, அதில் அழுக்கு பூசுவார்கள்! என்ஜின் மேல் புகைக் கரி. சக்கரத்தின் அருகே துருப்பிடித்த நிறம். பிரேக் கட்டை தேயும்போது பறக்கும் இரும்புத்தூள் அங்கேதான் படியும். அழுக்கு பூசிய பிறகுதான் வண்டிக்கு உயிர் வருகிறது.

பெண்டனில் ஓடும் என்ஜின்களில் பலவற்றைச் செய்தவர், கய் வில்லியம்ஸ் என்ற நிபுணர். அவை ஓடும் பாதையில் உயரமான மரப்பாலம் ஒன்று இருக்கிறது. புருனெல் என்ற புகழ்பெற்ற என்ஜினீயர் அமைத்த பாலங்களின் மாதிரி அது. அந்த ரகத்தில் கடைசியாக மிஞ்சிய நிஜப் பாலம் 1934-ல் போய்விட்டது. கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியும் 1948-ல் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. 1968-ல் பிரிட்டனின் முக்கிய ரெயில் பாதைகளில் நீராவி என்ஜின்களின் ஓட்டமும் நின்றது. மாதிரிப் பாலத்தின் மேல் மட்டும் அதே பச்சை என்ஜின் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொரு பள்ளத்தாக்கு

1954-ம் ஆண்டில், லாங் விட்டன்ஹாமில் இருந்த பழைய சத்திரம் ஒன்றில் பொருட்காட்சி சாலை உருவாயிற்று. சுற்றுப்பயணம் வரும் இளைஞர்கள் தங்கும் விடுதியும் அங்கேயே நடந்தது.

பிறகு அங்கே இன்னொரு பொக்கிஷமும் வந்து சேர்ந்தது. ஜான் அஹெர்ன் என்பவர் லண்டனில், தம் வீட்டில் அமைத்த "மேடர் பள்ளத்தாக்கு ரெயில்வே" அது. முன்பெல்லாம் பலகை மேல் தண்டவாளம் போட்டு ரெயிலைச் சுற்ற விடுவதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். அஹெர்ன் 1930-களிலேயே, ரெயிலைச் சுற்றிலும் குன்று, துறைமுகம், கடைத்தெரு எல்லாம் அமைத்தார். அவர் எழுதிய கட்டுரைகளையும் புத்தகங்களையும் படித்து இந்தக் கலையைக் கற்றவர்கள் ஏராளம். 1961-ல் அவர் இறந்த பிறகு, அந்தப் பள்ளத்தாக்கு பெண்டனுக்கு வந்தது.

ராய் இங்கிலாந்து 1995-ல் காலமானார். அப்போது அவருடைய கிராமம் கட்டி முடியவில்லை. அதற்குப் பிறகும் தொண்டர்கள் வந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிஜ வீடு இன்னும் நின்றால், போய் அளவெடுக்கலாம். இடிந்துபோயிருந்தால், பழைய போட்டோவைத் தேட வேண்டும். அதில் செங்கல் வரிசையை எண்ணி, சுவரின் உயரத்தைக் கணக்குப் போட்டு, அட்டையை வெட்ட வேண்டும்.