செங்கல் வீடுகள் – 9: அடைத்த ஜன்னல்

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் சாட்டன் என்றொரு சிற்றூர். அங்கே சாலையோரம் நிற்கும் சிவப்புச் செங்கல் வீட்டுக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வருகிறார்கள். எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் தாயோடும் அக்காவோடும் 1809-ல் குடிவந்த வீடு அது. வருபவர்கள் அவருடைய சின்ன எழுத்து மேசையைத் தேடி நேரே உள்ளே போய்விடுகிறார்கள். வெளியே கொஞ்சம் நின்று அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும் என்பேன்.

17-ம் நூற்றாண்டுக் கட்டடம். இரண்டு தளம், மேலே ஓட்டுக் கூரை. முகப்பில் ஜன்னல் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வெறும் செங்கல். இங்கிலாந்தில் அடைத்த ஜன்னலைக் கண்டாலே ஜன்னல் வரி என்று சொல்லிவிடுவார்கள். 1696 முதல் 1851 வரை ஜன்னல்களை எண்ணி வரி வாங்கிய நாடு. அதற்குப் பயந்து அடைத்தவர்கள் உண்டுதான். இங்கே காரணம் வேறு. வின்செஸ்டருக்கும் காஸ்போர்ட்டுக்கும் சாலை பிரியும் இடம் இது. கோச்சு வண்டிகள் வாசலை உரசிக்கொண்டு போகும். அதில் போகிறவர்களுக்கு வீட்டுக்குள் நடப்பதெல்லாம் தெரியும். வீட்டுக்குச் சொந்தக்காரரான அண்ணன் எட்வர்ட் சாலைப் பக்கத்து ஜன்னலை அடைத்து, தோட்டத்தைப் பார்க்கப் புதிதாக ஒன்று திறந்துகொடுத்தார். அடைத்த இடம் உள்பக்கம் புத்தக அலமாரி ஆனது. பெண்கள் மட்டுமே வாழ்ந்த வீட்டுக்கு இதைவிட அக்கறையான மராமத்து எனக்குத் தெரியவில்லை.

பழைய செங்கல் வீடுகளில் இப்படி அடைத்த இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆங்கிலேயச் செங்கல் ஏறக்குறைய ஒன்பது அங்குல நீளம், அதில் பாதி அகலம். நீளவாட்டில் ஒன்று, குறுக்குவாட்டில் ஒன்று என மாற்றி மாற்றி வைத்தால் அது ஃப்ளெமிஷ் கட்டு. ஒரு வரி முழுக்க நீளவாட்டிலும் அடுத்த வரி முழுக்கக் குறுக்குவாட்டிலும் வந்தால் இங்கிலிஷ் கட்டு. எதுவானாலும் குறுக்குக் கல்தான் சுவரின் இரு முகங்களையும் பிடித்து நிறுத்துகிறது. மேல் வரியின் மூட்டு கீழ் வரியின் மூட்டுக்கு நேராக வரவே கூடாது. திறப்பைப் பிற்பாடு அடைக்கும்போது பழைய கல்லோடு புதுக் கல்லைக் கோத்துக் கட்டாமல் விட்டால், மேலிருந்து கீழே நூல் பிடித்ததுபோல ஒரு நேர்கோடு விழும். அதுதான் தடயம்.

கல்லுக்கு இடையில் இருப்பது சுண்ணாம்பு. போர்ட்லாந்து சிமென்ட்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824-ல்தான். சுண்ணாம்புக் கலவை செங்கல்லைவிட மெத்தென்றது. சுவர் குடித்த மழைநீர் அந்த மூட்டு வழியே ஆவியாகிவிடும். மூட்டு அரித்துப்போனால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். பலமாக இருக்கட்டும் என்று அதில் சிமென்ட் அடைப்பவர்கள் சுவருக்குத் தீங்குதான் செய்கிறார்கள். ஈரம் மூட்டில் வெளியேற முடியாமல் செங்கல்லில் தங்குகிறது. குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயர்கிறது. சிமென்ட் மட்டும் அப்படியே நிற்கும். உதிர்ந்த முகத்தை எந்தக் கொத்தனாராலும் ஒட்டவைக்க முடியாது. கல்லையே மாற்ற வேண்டும்.

அடுத்த வாரம் இதே மாதிரி வீடுகளின் புகைபோக்கிகளைப் பார்ப்போம்.

(தொடரும்)