பழைய படகு வாங்கலாமா?

டெலானிபூரில் எங்கள் மாலை வகுப்புக்கு ஒரு மீனவ அண்ணன் வருவார். ஒரு நாள் அவர் முகத்தில் ஒரே சிரிப்பு.

"ஜங்லிகாட்டில் ஒரு பழைய மரப்படகு விலைக்கு வருது தம்பி. உள்ளேயே இன்ஜின் வைத்த படகு. நீலப் பெயிண்ட் பளபளன்னு இருக்கு. இன்ஜின் உடனே ஓடுது. நாளைக்கு முன்பணம் கொடுக்கப்போறேன்" என்றார்.

பல வருடம் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவர் அவர். அது சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

"அண்ணே, ஓடாவியிடம் காட்டினீங்களா?" என்று கேட்டேன். படகு கட்டும் தச்சரை ஓடாவி என்கிறோம். அண்ணன் காட்டவில்லை. மறுநாள் மூவரும் போனோம்.

கரையில் ஏற்றிப் பாருங்கள்

தண்ணீரில் மிதக்கும் படகை ஓடாவி பார்க்கவே இல்லை. "முதலில் கரையில் ஏற்றுங்கள்" என்றார். பிறகு சின்னச் சுத்தியலால் பலகையைத் தட்டினார். நல்ல மரம் 'டங்' என்றது. ஓர் இடத்தில் மட்டும் 'பொத்' என்றது. அங்கே குத்தூசியை வைத்து அழுத்தினார். ஊசி பிடி வரை உள்ளே போய்விட்டது! அண்ணன் முகம் வாடிவிட்டது.

காரணம் கப்பல் புழு. பெயர்தான் புழு. உண்மையில் அது சிப்பி இனம். குண்டூசி முனை அளவு துளை வழியாக உள்ளே போகும். உள்ளே வளர்ந்து மரத்தைத் தேன்கூடு போல் ஆக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பெயிண்ட் அடித்தால் துளையும் மறைந்துவிடும்.

மழைத் தண்ணீரும் எதிரிதான். படகுக்குள் அது தேங்கினால் மரம் உளுத்துப்போகும். எனவே இன்ஜின் உட்காரும் கட்டை, பலகையைத் தாங்கும் வங்குகளின் அடி, ஏரா, இவற்றையும் குத்திப் பாருங்கள். படகின் முதுகெலும்பு போன்ற அடிக்கட்டைதான் ஏரா. ஏரா கெட்டிருந்தால் அந்தப் படகு வேண்டாம். ஒன்றிரண்டு பலகை கெட்டிருந்தால் மாற்றலாம்.

இன்ஜின் சொல்லும் செய்தி

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்த இன்ஜின் எளிதாகக் கிளம்பிவிடும். புகையைக் கவனியுங்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் பார்க்கும் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. செலவு பெரிதாகும்.

காகிதத்தைப் படியுங்கள்

அந்தமான் நிக்கோபார் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2003-இல் வந்தது. மீன்பிடிப் படகுக்கு மீன்வளத் துறையின் பதிவும் உரிமமும் வேண்டும். பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறது? படகின் மேல் கடன் பாக்கி உண்டா? கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

அண்ணன் சான்றைக் கையில் வாங்கினார். விரல் வைத்து இன்ஜின் எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு குனிந்து இன்ஜினில் இருந்த எண்ணைப் படித்தார். இரண்டும் வேறு! இடையில் இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள். சான்றில் திருத்தவில்லை. "திருத்திக் கொடுங்கள், பிறகு பணம்" என்றார் அண்ணன். ஒரு வருடம் முன்பு அவருக்கு எண் படிக்கத் தெரியாது.

பழுது பார்த்தது

ஏரா நன்றாக இருந்தது. பலகை கெட்டதைக் காட்டி விலையைக் குறைத்தார். கையில் 100 ரூபாய் இருந்தால் படகுக்கு 50 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள் என்பது ஓடாவியின் கணக்கு. மீதி பழுதுக்கு வேண்டும்.

நம் தீவில் மே முதல் டிசம்பர் வரை மழை. அதனால் வேலை ஜனவரியில் தொடங்கியது. கெட்ட பலகைகளை எடுத்துவிட்டு, ரசீதோடு வாங்கிய படாக் மரப் பலகை போட்டார்கள். துருப்பிடித்த ஆணிகளை மாற்றினார்கள். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்து, மேலே மக்கு பூசினார்கள். இதற்குக் கலப்பத்து என்று பெயர். பிறகு அடியில் செம்பு கலந்த பெயிண்ட் அடித்தார்கள். அது புழுவைத் தடுக்கும். சாப்ட்டில் துத்தநாகக் கட்டி ஒன்றை மாட்டினார்கள். உப்புநீர் அந்தக் கட்டியை முதலில் அரிக்கும். சாப்ட் தப்பிக்கும்.

படகை இறக்கியதும் தண்ணீர் கசிந்தது. அண்ணன் பயந்துவிட்டார். ஓடாவி சிரித்தார். காய்ந்த பலகை தண்ணீரில் ஊறினால் உப்பும். இடுக்கு தானே அடையும். அதுவரை தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாளில் கசிவு நின்றது. அதன் பிறகுதான் இன்ஜினும் சாப்ட்டும் ஒரே நேராக இருக்கின்றனவா என்று மறுபடி பார்த்தார்கள். மிதக்கும்போது மரப்படகின் வடிவம் சற்று மாறும்.

இப்போது அண்ணன் சொந்தப் படகில் போகிறார். பள்ளி விடுமுறையில் மகனும் கூடப் போகிறான். அந்தப் பலகையைப் பார்க்காமல் வாங்கியிருந்தால்? நடுக்கடலில் அது விட்டிருந்தால்? நினைத்துப் பாருங்கள்.

பெயிண்டை நம்பாதீர்கள். தட்டிப் பாருங்கள். குத்திப் பாருங்கள். படித்துப் பாருங்கள். பிறகு பணம் கொடுங்கள்.

செய்து பாருங்கள்: உங்கள் ஊரில் பழைய படகு வாங்கியவரைச் சந்தியுங்கள். வாங்கும் முன் என்னென்ன பார்த்தார் என்று கேட்டு, ஐந்து வரி எழுதுங்கள்.