புகை இல்லாத புகைவண்டி

(எபிசோட் ஆடியோவின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் கோடிங் இல்ல, அட்டைப்பெட்டி.

போன மாசம் அக்கா போன் பண்ணினா. "டேய், பாப்பா ஸ்கூல்ல மாறுவேடப் போட்டி. ஊட்டி ட்ரெயினா போகணுமாம். புகை வரணுமாம். நீதானே இன்ஜினியர்?"

நான் எழுதுறது பேமென்ட் சாஃப்ட்வேர். ஆனா நம்ம வீடுகள்ல இன்ஜினியர்னா ஃபேன் ரிப்பேர்ல இருந்து எல்லாமே நம்ம வேலைதான். சரின்னுட்டேன். வைக்கிறதுக்கு முன்னாடி அக்கா ஒண்ணு சொன்னா: "அவளுக்கு வீசிங் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ."

எட்டு வயசுப் பொண்ணு, பையில எப்பவும் இன்ஹேலர். அவ உடம்புல மாட்டுற பொருள்ல இருந்து புகை வரணும், ஆனா அது அவ மூச்சைத் தொடக்கூடாது. இதுதான் இன்னைக்குப் பிரச்சினை.

வேண்டாம்னு விட்டது

முதல்ல தோணினது கப் சாம்பிராணி. அட்டை, பாலியஸ்டர் துணி, குழந்தை, நடுவுல நெருப்பு. யோசிக்கவே வேண்டாம். அதோட, புகைங்கிறது முழுசா எரியாத துகள்கள். வீசிங் இருக்கறவங்களுக்கு அதுவே போதும்.

அடுத்து ட்ரை ஐஸ். மைனஸ் 78 டிகிரி செல்சியஸ்ல உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு. தொட்டா நெருப்புல சுட்ட மாதிரி தோல் புண்ணாகும். இறுக்கி மூடின டப்பாவுல போட்டா வாயு பெருகி டப்பாவே வெடிக்கும்.

மூணாவது, வெளிநாட்டு காஸ்ப்ளே வீடியோக்கள்ல நிறைய வர்றது: வேப் காயில். கிளைகால், கிளிசரின் கலவையைச் சூடாக்கி ஆவியாக்குவாங்க. பார்க்க அட்டகாசமா இருக்கும். ஆனா திரி காய்ஞ்சு காயில் அளவுக்கு மீறிச் சூடானா, கிளிசரின் சிதைஞ்சு அக்ரோலின்னு ஒரு எரிச்சலூட்டும் பொருள் வரும். போதாக்குறைக்கு, இந்தியாவுல 2019-ல வந்த சட்டப்படி இ-சிகரெட் விக்கிறதே குற்றம்.

மிச்சம் இருந்தது தண்ணி

மேஜை மேல வைக்கிற குட்டி ஹியூமிடிஃபையரைப் பார்த்திருப்பீங்க. உள்ள ஒரு ரூபாய்க் காசு அளவுல ஒரு தட்டு இருக்கும். ஓரத்துல பீசோ செராமிக் வளையம், நடுவுல கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்ட உலோகத் தகடு. கரன்ட் கொடுத்தா நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல அதிரும். பின்னாடி ஒட்டியிருக்கிற பஞ்சுத் திரியில இருந்து தண்ணியை இழுத்து, சில மைக்ரான் அளவுத் துளிகளா வெளிய தள்ளும். சூடு பண்ற வேலையே இல்ல. 5 வோல்ட் பவர் பேங்க் போதும்.

ஜெயிச்சாச்சுன்னு நினைச்சேன். எங்க ஃப்ளாட் போர் தண்ணியை ஊத்தி ராத்திரி ரெண்டு மணி நேரம் ஓடவிட்டேன். காலையில பார்த்தா லேப்டாப் மேல மெலிசா வெள்ளைத் தூசி.

ஏன்? தண்ணியைக் கொதிக்க வெச்சா உப்பு பாத்திரத்துலேயே தங்கிடும். அல்ட்ராசோனிக்ல அப்படி இல்ல. தண்ணியில என்ன இருக்கோ அதுவும் துளியோட பறக்கும். துளி காய்ஞ்சதும் உப்பு மட்டும் காத்துல மிதக்கும். அந்தத் தூசியை விரலால துடைச்சப்பதான் உறைச்சுது: இங்க லேப்டாப்ல படிஞ்சது, அங்க அவ நெஞ்சுல படியும்.

அதனால விதி ஒண்ணு: டிஸ்டில்டு வாட்டர் மட்டும். வாசனை எண்ணெய், கலர் எதுவும் கலக்கக்கூடாது. பழைய தண்ணியில கிருமி வளர்ந்தா அதுவும் சேர்ந்து பறக்கும். அதனால ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணி, முடிஞ்சதும் தொட்டியைக் காய வைக்கணும்.

அக்கா குழந்தை டாக்டர்கிட்டயும் கேட்டா. "எவ்வளவு சுத்தமா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்"னு சொல்லிட்டார். என் டிசைன்ல சிம்னி சரியா மூக்குக்கு முன்னாடி!

விடை ட்ரெயின்லேயே இருந்தது

மேட்டுப்பாளையத்துல ட்ரெயின் கிளம்புற வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிம்னியில வர்றது புகை. சக்கரத்துப் பக்கத்துல புஸ்ஸுன்னு வெள்ளையா வர்றது நீராவி. நின்ன இன்ஜின்ல சிலிண்டருக்குள்ள நீராவி குளிர்ந்து தண்ணியாகியிருக்கும். கிளம்பும்போது கீழ இருக்கிற வால்வைத் திறந்து அதை வெளியேத்துவாங்க.

நம்ம மிஸ்ட்டும் குளிர்ச்சியானது, தானாவே கீழ இறங்கும். அதை ஏன் மேல தள்ளணும்? வாயை முழங்கால் உயரத்துக்கு, சக்கரத்துக்குப் பின்னாடி மாத்தினேன். ஒரு குட்டி ஃபேன் அதை வெளிப்பக்கம் தள்ளும். பின்னாடி ஒரு எல்.ஈ.டி: எதிர்ல இருந்து பார்க்கிறவங்களுக்குக் கொஞ்ச மிஸ்ட்டே அடர்த்தியாத் தெரியும். சிம்னியில வெறும் பஞ்சு.

வயரிங்ல ரெண்டு டிப்ஸ். தண்ணி கீழ, பவர் பேங்க் மேல தனிப்பையில. கசிஞ்சாலும் மேல ஏறாது. இன்னொண்ணு, கரன்ட் ரொம்பக் குறைவா இழுத்தா பல பவர் பேங்க் தூங்கிடும். ஹெட்லைட் எல்.ஈ.டி பட்டையை எப்பவும் எரியவிட்டேன், சரியாயிடுச்சு. மிஸ்ட்டுக்குத் தனி பட்டன், அவ கையில. அழுத்தினா வரும், விட்டா நிக்கும்.

ஒத்திகையில அவளுக்குக் கோபம். "மாமா, மேல ஏன் வரல?" வீடியோவைக் காட்டி விளக்கினேன். போட்டி அன்னைக்கு மேடையில மிஸ் கேட்டதுக்கு அவளே சொன்னா: "இது புகை இல்ல மிஸ், ஸ்டீம்."

பரிசு வரல. இன்ஹேலர் பையை விட்டு வெளிய வரவே இல்ல. எனக்கு அந்த டெஸ்ட் பாஸ் ஆனா போதும்.

நீங்களும் செய்யப்போறீங்கன்னா, போட்டுக்கப் போறவங்களுக்கு மூச்சுப் பிரச்சினை இருக்கான்னு முதல்ல கேளுங்க. டிசைன் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம். கூ...!