ராக்கி ஏறிய படிக்கு மேலே நம்ம ஊர் மண்டபம்!

'ராக்கி' படத்தில் சில்வஸ்டர் ஸ்டாலோன் மூச்சிரைக்க ஓடி ஏறி, உச்சியில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் குதிப்பாரே, அந்தப் படிகள் ஞாபகமிருக்கிறதா? பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் படிகள் அவை. அந்தக் கட்டடத்துக்குள்ளே நிற்கிறது ஒரு மதுரைக் கோயில் மண்டபம்! நகல் இல்லைங்க, அசல் கருங்கல், 16ஆம் நூற்றாண்டு. ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி மதுரையில் இறங்கினால் மேலமாசி வீதியில் மதனகோபால சுவாமி கோயில் இருக்கிறதே, அங்கிருந்து கப்பலேறிய கல்.

1912இல் அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண்மணி மதுரைக்கு வந்தார். ஊர் சுற்ற வருகிறவர்கள் குத்துவிளக்கு வாங்குவார்கள், சுங்குடிச் சேலை வாங்குவார்கள். அம்மணி மண்டபத்தையே விலைபேசி முடித்துவிட்டார்! கோயில் வளாகத்தில் பிரிந்து கிடந்த அறுபதுக்கும் மேற்பட்ட கற்கள். பின்னர் முதல் உலகப் போரில் பணிசெய்ய பிரான்சுக்குப் போனவர் அங்கேயே இறந்துபோனார். அவர் நினைவாகக் குடும்பத்தார் 1919இல் கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. தூண், தூணின் தலையில் போதிகை, போதிகை மேல் உத்திரம் என்று ஒன்றன் கனத்தில் ஒன்று நிற்பதுதான் நம் கல் மண்டபம். அதைப் பிரித்துக் குவித்துவிட்டால் எது எதன் மேல் உட்காரும்? அனுமன் தூணுக்குப் பக்கத்துத் தூண் கருடனா, வேறு யாராவதா? நார்மன் பிரவுன் என்ற சமஸ்கிருதப் பேராசிரியர் மதுரைக்கு வந்து, மற்ற நாயக்கர் காலத்து மண்டபங்களோடு ஒப்பிட்டுத் துப்புத் துலக்கினார். 1940இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். ஆனாலும் இன்று அங்கே நிற்கும் வரிசையில் பாதி ஆராய்ச்சி, பாதி ஊகம். 2016இல் அந்தக் கூடத்தைப் புதுப்பித்து மறுபடி திறந்தார்கள்.

பொறாமையாக இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. ஆனால் குவியலாகக் கிடந்ததை விற்றவர்களும் நம்மவர்கள்தானே! ஒரு ஆறுதல்: ஆள் உயரச் சிற்பமும் தூணும் ஒரே கல்லில் பிறக்கும் அதே நாயக்கர் கைவண்ணம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் நமக்கு இலவசம். அங்கே கல்லில் எண்ணெய்ப் பளபளப்பும் இருக்கும், அமெரிக்காவில் அது கிடையாது. அடுத்த தடவை பால்கோவாக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால், தூணின் தலையில் போதிகை உத்திரத்தைத் தொடும் இடத்தை அண்ணாந்து பாருங்கள். பிலடெல்பியாக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டது அந்த இடுக்கில்தான்.