பொறியியற் பட்டமும் பல்கலைக்கழகத் தெரிவும்

கொத்மலை ஓயாவை மறித்து நிற்கும் அணை முதற் பார்வைக்கு ஒரு பெருங் கற்குவியலாகவே தோன்றும். 87 மீற்றர் உயரமும் ஏறத்தாழ 600 மீற்றர் நீளமும் உடைய அவ்வணை, பாறைக் கற்களை அடுக்கி, நீரை நோக்கிய முகத்திற் கொங்கிறீற்றுப் பலகம் போர்த்து அமைக்கப்பட்டது. கற்களின் நிறை நீரின் உந்துதலைத் தாங்குகின்றது. கொங்கிறீற்று முகம் நீர் ஊடுருவாது தடுக்கின்றது. சுவீடன் நாட்டின் உதவியுடன் 1979 இல் தொடங்கிய இவ்வேலை 1985 இல் நிறைவெய்தியது. நிலத்தடி நிலையத்திலுள்ள மூன்று மின்பிறப்பாக்கிகளின் மொத்த ஆற்றல் 201 மெகாவாற்று ஆகும்.

எவ்விடத்தில், எப்பொருளால், எவ்வளவு உயரத்தில் அணை எழ வேண்டும் என்னும் வினாக்களுக்குப் பல விடைகள் உண்டு. அவற்றுள் ஒன்றைக் காரணங்காட்டித் தெரிந்து, அதன் பயனுக்கும் கேட்டுக்கும் பொறுப்பேற்பதே வடிவமைப்பு எனப்படும். இவ்வணையினால் ஒளி பிறந்தது, ஊர்களும் வயல்களும் நீரில் அமிழ்ந்தன, குடிகள் பெயர்ந்தனர். ஆதலின், வடிவமைப்பு என்பது அழகிய படம் வரைதல் மாத்திரமன்று. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் தளத்திலும், அதனை உருட்டும் பொறியிலும், உலர்த்தும் அடுப்பிலும் இதே சிந்தனை உறைந்து கிடக்கின்றது. மலைச்சரிவிலே மழைக்காலத்தில் அஞ்சி உறங்கும் லயத்து மக்களுக்கு ஏற்ற வீடு எது என்பதும் வடிவமைப்பாளரை எதிர்நோக்கி நிற்கும் வினாவேயாம்.

இத்தகைய கல்வியை விரும்பும் கொத்மலை மாணவர் எப்பல்கலைக்கழகத்தை நாடுவது? க.பொ.த. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் கற்றுத் தேறியோர் முன் இவ்வினா எழுகின்றது. தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றில் வழிகாட்டுதற்கு முன்னர்க் கற்றோர் இலர். பெயர் கேட்டு மயங்கியும், அயலார் சொற்கேட்டும் செய்யும் தெரிவு நான்காண்டுக் கல்வியின் போக்கையே மாற்றிவிடும்.

முதலிற் கருதற்பாலது பெயர் மயக்கமாகும். வடிவமைப்பு என்னும் சொல்லையே பட்டத்தின் பெயரிலே தேடுவோர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் வழங்கப்படும் வடிவமைப்புப் பட்டத்தைக் கண்டு அதுவே தாம் தேடியது எனக் கொள்ளக்கூடும். அது சிறந்த கல்வியே. ஆயின் பொறியியற் பட்டமன்று. அதற்கு உளச்சார்புச் சோதனையும் உண்டு. பாலமும் பொறியும் மின்சுற்றும் வடிவமைக்க விழைவோர் பொறியியற்பீடத்தையே நாடவேண்டும். அங்கு வடிவமைப்பு தனித்து நில்லாது, குடிசார், இயந்திர, மின் முதலிய துறைகள் ஒவ்வொன்றினுள்ளும் கலந்து நிற்கின்றது. எனவே முதலிற் துறையையும் பின்னரே பல்கலைக்கழகத்தையும் எண்ணுதல் தகும்.

பொறியியற்பீடங்களுள் மூத்தது பேராதனை. 1950 இல் கொழும்பிலே தொடங்கிய அப்பீடம் 1960களின் நடுப்பகுதியில் மகாவலிக் கரைக்கு வந்தது. கொத்மலையின் நீர் கம்பளையைக் கடந்து அவ்வழியாகவே ஓடுகின்றது. இம்மலைநாட்டு மாணவர்க்கு அண்மையிலுள்ள பொறியியற்பீடமும் அதுவே. கேம்பிரிட்ஜில் மண் பொறியியலை ஆய்ந்து, பேராதனையிற் பேராசிரியராய் விளங்கி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த அழகையா துரைராசா அவர்களை அறியாத தமிழ்ப் பொறியியல் மாணவர் இரார். சரிவும் மண்ணும் நீரும் பற்றிய கல்வி மலைநாட்டுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மொறட்டுவையின் வரலாறு வேறு. 1960 இல் கட்டுபெத்தையிற் செயன்முறைத் தொழினுட்ப நிறுவனமாய்த் தோன்றி, 1966 இல் தொழினுட்பக் கல்லூரியாகி, 1978 இல் அது பல்கலைக்கழகமாயிற்று. தலைநகரையும் தொழிலகங்களையும் அடுத்திருத்தல் அதன் வாய்ப்பு. வீட்டினின்றும் தொலைவும் நகர வாழ்வின் செலவும் அதன் சுமை. ருகுணைப் பல்கலைக்கழகம் காலிக்கு அண்மையிலுள்ள ஹப்புகலவிலும், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிளிநொச்சி அறிவியல்நகரிலும் பொறியியற்பீடங்களை நடாத்துகின்றன. பின்னவை இரண்டும் தமிழ் வழங்கும் சூழலில் அமைந்தவை. ஆயினும் எப்பீடத்தும் போதனாமொழி ஆங்கிலமே. தமிழிற் கற்று வந்த மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் கணிதத்திலன்று, விரிவுரையின் மொழியிலேயே. உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகப் புகுதலுக்கும் இடைப்பட்ட மாதங்களை ஆங்கிலப் பயிற்சிக்கு ஒதுக்குவோர் இவ்விடரைப் பாதி கடந்தோராவர்.

பீடங்களை ஒப்புநோக்குங்கால் உசாவ வேண்டியவை சில உள. அப்பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் ஏற்றுள்ளதா என்பது முதலாவது. அந்நிறுவனம் 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்புரிமை பெற்றது. ஆதலின் அதன் ஏற்புப்பெற்ற பட்டம் பிறநாடுகளிலும் மதிக்கப்படும். பட்டயப் பொறியியலாளராகும் வழியும் எளிதாகும். பொதுப் பாடங்களின் பின் துறை எங்ஙனம் ஒதுக்கப்படுகின்றது என்பது இரண்டாவது. பெறுபேற்றையும் விருப்பத்தையும் கொண்டே துறை கிடைக்குமாயின், உள்ளே புகுந்தமை மாத்திரம் விரும்பிய துறையைத் தாராது. தொடக்கமே உழைப்பைக் கேட்கும். பட்டறை, ஆய்வுகூடம், இறுதியாண்டுச் செயற்றிட்டம், தொழிலகப் பயிற்சி ஆகியவை எத்தகையன என்பது மூன்றாவது. செய்து, பிழைத்து, திருத்திப் பழகாத வடிவமைப்புக் கல்வி ஏட்டுச் சுரைக்காயே.

இனி, விண்ணப்பம் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளியைக் கொண்டு அனுமதி வழங்குகின்றது. 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகுக்கும் முறை நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்பட்டு வந்தது. கொத்மலை அடங்கிய நுவரெலியா மாவட்டம் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. மாணவர் தம் விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க, புள்ளி இடங்கொடுக்கும் மிகமேலான விருப்பமே அவர்க்குக் கிட்டுகின்றது. எனவே முன்னாண்டு வெட்டுப்புள்ளிக்கு அஞ்சி உண்மையான முதல் விருப்பத்தைக் கீழே தள்ளுதல் பயனற்றது. அதனை மேலே எழுதுவதால் அடுத்தது பறிபோவதுமில்லை. அஞ்சி எழுதிய வரிசையோ வாய்ப்பிருந்தும் இழக்கச் செய்யும்.

புள்ளி போதாதோர்க்கும் வழி அடைந்துவிடவில்லை. திறந்த பல்கலைக்கழகம் தொலைக்கல்வி முறையிற் பொறியியற் பட்டம் வழங்குகின்றது. கண்டியிலும் அதற்குப் பிராந்திய நிலையம் உண்டு. தொழில் புரிந்துகொண்டே கற்பதற்கு அது ஏற்றது. காலம் நீளும், கட்டணமும் உண்டு, ஆயினும் கற்றது உடனுக்குடன் கைத்தொழிலிற் பயன்படும். அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரியாகக் கற்கும் வறிய மாணவர்க்கு மகாபொலப் புலமைப்பரிசில் ஓரளவு கைகொடுக்கும்.

சுருங்கக் கூறின், தெரிவும் ஒரு வடிவமைப்பேயாம். தேவை யாது, தாங்கும் வலு எவ்வளவு, மாற்றுவழி எது என ஆராய்ந்து அணை கட்டியோரைப் போலவே, மாணவரும் பெற்றோரும் துறை, பட்டத்தின் ஏற்பு, மொழி, செலவு ஆகிய நான்கையும் நிறுத்துப் பார்த்து வரிசையை எழுதுதல் வேண்டும். பல்கலைக்கழகத்தின் புகழ் இந்நான்கின் பின்னரே எண்ணத்தக்கது.