மலரருகே கமரா

கண்டிக்கு வருவோர் பேராதனைத் தோட்டத்து மலர்களைப் படம்பிடித்து மகிழ்வர். நாமோ ஹந்தானைச் சரிவிலே தொட்டாற்சுருங்கியை நாடினோம். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த களை அது, காண்பார் மதியார். மக்ரோ வில்லையூடே நோக்கின், ஒரு பூவென நாம் எண்ணிய இளஞ்சிவப்புப் பந்து பல நுண்பூக்களின் தொகுதியென்பது புலனாகும். ஒவ்வொரு நுண்பூவிலும் நான்கு கேசரங்கள். மாணவப் பருவத்தில் தாவரவியல் ஏட்டிற் பென்சிலால் வரைந்தனவற்றை உயிரோடு கண்டோம்.

பொருளும் பிம்பமும் ஓரளவாகும் அண்மையில், எஃப் 8 எனக் குறித்த துவாரத்திலும் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே. துவாரத்தைச் சுருக்கின் ஆழம் கூடும். ஆயின் ஒளி குறைந்து திறப்பு நேரம் நீளும். அதற்குள் மலைக்காற்றுப் பூவை அசைத்துவிடும். ஆதலாற் காற்றெழாத காலைப்பொழுதே ஏற்றது. 50 மில்லிமீற்றர் வில்லையினும் 100 மில்லிமீற்றர் வில்லை சற்று எட்ட நிற்க இடந்தரும். முக்காலி பட்டு இலை கூம்பினாலோ, அது விரியுமட்டும் சில நிமிடம் காத்திருத்தல் வேண்டும்!

1938இல் சரணாலயமாக்கப்பட்ட உடவத்தகெலேக் காட்டில் ஒருமுறை சிறு பூவொன்றிற் கருத்தூன்றி முழந்தாளிட்டோம். எழுந்தபோது காலடியில் இரு மரக்கன்றுகள் முறிந்து கிடந்தன. படம் நன்றாகவே வந்தது. அதை எவருக்குங் காட்ட மனம் எழவில்லை.