உப்புக்காத்துல துருப்பிடிக்காத ஸ்பீக்கர் ஸ்டாண்ட்: குறைந்த செலவில் அமைப்பது எப்படி?

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் போன்ற உப்பளக் கடற்கரையில் வீட்டு ஸ்டூடியோ அமைப்பவர்கள், ஸ்டாண்டின் விலையை மட்டும் பார்த்தால் போதாது. காற்றில் உள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். பெயின்ட் உரிந்த இடத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஸ்டாண்ட் எதற்கு?

ஸ்பீக்கரை மேசை மேல் வைத்தால் மேசையும் சேர்ந்து அதிரும்; பேஸ் கூடுதலாகக் கேட்கும். அதை நம்பி மிக்ஸ் செய்தால், வெளியே போடும்போது பாட்டில் பேஸ் குறைந்துவிடும்.

எவ்வளவு உயரம்?

உட்கார்ந்தால் ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரணும். 2 ஸ்பீக்கரும் தலையும் சமபக்க முக்கோணமா இருக்கணும்.

மலிவான வழி என்ன?

துருப்பிடிக்காத ஹாலோ பிளாக்தான். 8 இஞ்ச் உயரமுள்ள 4 பிளாக்கை அடுக்கினால் 32 இஞ்ச் வரும். சிமென்ட் வைத்து ஒட்டிடுங்க. குழந்தைகள் இடித்தாலும் சரியக் கூடாது. மேலே தடிமனான ரப்பர் மேட் போட்டால் அதிர்வும் குறையும்.